அளவு ஒன்று, மனை ஆயிரம்!

வீடு எழும் இடத்தருகே சற்று நின்று பாருங்கள். சுவர் முடியும் இடம் வந்ததும், கொத்தனார் கரண்டியால் செங்கல்லை ஓங்கித் தட்டுகிறார். ஒரு பாதி சுவரில் அமர்கிறது. மறு பாதி மண்ணில் விழுகிறது. வெறும் துண்டுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! வயலின் வளமான மேல்மண் அது. சூளையில் எரிந்த நிலக்கரி அது. மண் பிசைந்த தொழிலாளியின் வியர்வை அது. அதற்கும் சேர்த்து விலை கொடுப்பவன் யார்? கடன் வாங்கிக் கூரை தேடும் ஏழை!

ஏன் இந்த விரயம்? அளவில் ஒற்றுமை இல்லை. வட்டாரத்துக்கு ஓர் அச்சு, சூளைக்கு ஓர் அளவு. செங்கல்லோடு சன்னல் இணங்குவதில்லை. சன்னலோடு கதவு இணங்குவதில்லை. இடைவெளியை நிரப்பக் கலவை, கோணலை மறைக்கப் பூச்சு என்று சிமெண்டு மூட்டை மூட்டையாகக் கரைகிறது. கரைவது பணம் மட்டுமா? உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவதாயிற்றே!

வழி இல்லையா? உண்டு. 1947-இல் தோன்றி, 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாகிய நிறுவனம், செங்கல்லுக்குப் பொது அளவை வகுத்தே வைத்திருக்கிறது. நீளம் 190 மில்லிமீட்டர், அகலம் 90, உயரம் 90. கலவை 10 மில்லிமீட்டர் சேர்ந்ததும் 200, 100, 100 என்று கணக்கு நேராகிறது. ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 கல்! சுவரும் சன்னலும் அந்த 100-இன் மடங்காக அமைந்தால், வெட்டி எறிவது பெரிதும் குறையும். நாளை வீட்டை இடித்தாலும், கழற்றிய கதவு மற்றொரு வாயிலில் பொருந்தும்.

தர விதி வழியை அடைக்கவும் வல்லது, திறக்கவும் வல்லது. கான்கிரீட்டு ஜல்லிக்கான 1970-ஆம் ஆண்டு விதி இயற்கைக் கல்லையே ஏற்றது. 2016-இல் அது திருத்தப்பட்டபோது, இடிந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியை, எம்-25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் நூற்றுக்கு 20 பங்கு வரை சேர்க்க இடம் கிடைத்தது. ஏட்டில் ஒரு திருத்தம், மலைக்கு ஆயுளை நீட்டிக்கும் அன்றோ!

“எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த பதுமையாகுமே!” என்று பதறுவோர் உண்டு. அவர்களைக் கேட்போம்: தமிழுக்கு எழுத்து 247 தானே! அதனால் எல்லா நூலும் ஒரே நூலாகிவிட்டதா? அளவு ஒன்றானால் சாவது கற்பனையன்று, விரயம்!

ஆயினும் விழிப்பு வேண்டும். அளவை வகுக்கும் மேசையில் பெருமுதலாளி மட்டுமே அமர்ந்தால், சிறு சூளைக்காரனை வீழ்த்தும் வாளாக அது மாறும். எனவே கொத்தனாருக்கும், சித்தாளுக்கும், சூளைத் தொழிலாளிக்கும் அங்கே இடம் வேண்டும். சிறு சூளைகள் அச்சு மாற்றும் செலவை அரசு ஏற்க வேண்டும். அரசு எழுப்பும் வீடுகளும் பள்ளிகளும் முதலில் பொது அளவுக்கு வரவேண்டும்.

தோழர்களே! இக்கோரிக்கையை ஊர்தோறும், தொழிற்சங்கந்தோறும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுபட்ட அளவு ஏழைக்கு வீடு தரும். மண்ணுக்கு வாழ்வு தரும்!