மார்ச் கெடுவுக்கு ஏன் இந்தப் புகழ்?

வரிச்சலுகைக்கான முதலீட்டுக்கு மார்ச் 31 என்ற கெடு இல்லாவிட்டால் சம்பளக்காரர்கள் சேமிக்கவே மாட்டார்கள் என்று வாதிடுகிறார்கள். பழைய வரிமுறையில் 80சி பிரிவின் ஒன்றரை லட்ச ரூபாய் கழிவு வரம்புக்குள் வருங்கால வைப்பு நிதியும் அடங்கும். மாத அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால், 12 சதவீதப் பிடித்தத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய் எந்தக் கெடுவின் தயவுமின்றிச் சேர்ந்துவிடுகிறது. மிச்சத்தை நிரப்பக் கடைசி வாரத்தில் ஓடுபவரின் தலையில் எளிதாகக் கட்டப்படுவது எண்டோமென்ட் பாலிசி. இரண்டாண்டு பிரீமியம் கட்டுமுன் அதைக் கைவிட்டால், பெற்ற கழிவு மீண்டும் வருமானத்தில் சேர்ந்து வரிக்கு உள்ளாகும். கட்டிய பணத்தில் பெரும்பகுதியும் போகலாம், சலுகையும் போச்சு.

அவசரத்தில் பிபிஎஃப்பில் போட்டாலும் நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், 15 ஆண்டு முடக்கம் என்று தெரிந்து போட்டால். ஆனால் 2023-24 முதல், நாம் வேறு தேர்வு செய்யாவிட்டால் பொருந்துவது புதிய வரிமுறை. அதில் இந்தக் கழிவே கிடையாது. எந்த முறையில் இருக்கிறோம் என்றே பாராமல் வங்கிக்கு ஓடுவதைச் சேமிப்புப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது?