தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சாரணர் முகாம் வேண்டும்



கேமரன் மலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் சாரணர் முகாம் நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. அரசு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வருவது. 150 பேருக்கும் குறைந்த பள்ளிக்கு அது பேருந்து வாடகைக்கே காணாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் குழுவே கலைகிறது. முன்பு கைகொடுத்த தோட்டத்து இளைஞர்கள் வேலை தேடி மலையிறங்கிவிட்டார்கள்; இன்று கொழுந்தெடுப்போரில் பலர் வெளிநாட்டவர். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் சாரணர் இயக்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு புள்ளி உண்டு. நம் பிள்ளைகள் அதற்குச் சிறுவயதிலேயே பழக வேண்டாமா?

கூடாரச் செலவைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்கட்டும். ரிங்லெட், தானா ராத்தா வட்டாரப் பள்ளிகள் சேர்ந்து ஒரே முகாம் நடத்தலாம். முன்னாள் மாணவர்களே, பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு தங்குங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெற்றோர் ஒருவர்,
ரிங்லெட், பகாங்