எழுதி வைத்தா ஆடுகிறார்கள்?

சென்னையும் மும்பையும் ஐபிஎல் இறுதிப் போட்டியில் நான்கு முறை மோதியிருக்கின்றன. 2010இல் கோப்பை சென்னைக்கு. 2013, 2015, 2019 மூன்றும் மும்பைக்கு. இந்தக் கணக்கை எடுத்தாலே போதும், "எல்லாம் ஸ்கிரிப்ட் சார், முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். டீக்கடையிலும் இதே பேச்சு, ஆபீஸ் லிஃப்டிலும் இதே பேச்சு. உள்விவகாரம் அறிந்தவர் என்ற மிடுக்கு வேறு. இது பொய்யான நம்பிக்கை. போதாததற்கு, கிரிக்கெட்டில் நடக்கும் நிஜத் திருட்டுக்குத் திரையும் போட்டுக் கொடுக்கிறது.

இவர்கள் முதலில் கொண்டுவரும் சாட்சி, 2019 மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டம். மும்பை எடுத்தது 149. தோனி ரன் அவுட்டானதை மூன்றாம் நடுவர் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் முடிவு சொன்னார். அந்தத் தீர்ப்பு தவறு என்று வாதாடுங்கள், கேட்கிறேன். நடுவர் தவறுவது வேறு, நாடகம் வேறு. பதினாறாவது ஓவரில் மலிங்கா 20 ரன் கொடுத்தார். பதினெட்டாவது ஓவரில் குருணால் பாண்டியாவும் 20 கொடுத்தார். பும்ரா பத்தொன்பதாவது ஓவரை அவ்வளவு கட்டுக்கோப்பாக வீசியும், கடைசிப் பந்தை விக்கெட் கீப்பர் டி காக் விட்டுவிட, பந்து பவுண்டரிக்கு ஓடியது. ஆறு பந்தில் ஒன்பது ரன் தேவை. அடி வாங்கிய மலிங்காவிடமே பந்தைக் கொடுத்தார் மும்பை கேப்டன் ரோஹித். ஒன்று, ஒன்று, இரண்டு. நான்காவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி, 59 பந்தில் 80 அடித்திருந்த வாட்சன் ரன் அவுட். அவர் முழங்கால் கிழிந்து ரத்தம் கால்சட்டையில் ஊறியிருந்தது. பிறகு ஷர்துல் தாக்கூர் இரண்டு எடுத்தார். ஒரு பந்து, இரண்டு ரன். வேகத்தைக் குறைத்து வீசிய யார்க்கரில் தாக்கூர் எல்பிடபிள்யூ. சென்னை 148.

வேகம் குறைந்த அந்த யார்க்கர் ஓர் அங்குலம் தவறியிருந்தால் ஆட்டம் கைமாறியிருக்கும். இருபத்திரண்டு பேரையும் நடுவர்களையும் கூட்டி வைத்து இதை ஒத்திகை பார்க்க முடியும் என்று நம்புகிறவர், தெரு கிரிக்கெட்டில்கூட ஒரு ஓவர் வீசியிருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

விறுவிறுப்பு இருந்தால்தான் காசு, அதற்காக எழுதுகிறார்கள் என்பது அடுத்த வாதம். அப்படியானால் 2024 இறுதியாட்டத்தை எழுதியது யார்? சேப்பாக்கத்தில் ஹைதராபாத் 113க்குச் சுருண்டது. கொல்கத்தா பதினோராவது ஓவரிலேயே கதையை முடித்தது. அதே ஆண்டு மும்பை கடைசி இடம். 2025இல் தோனி இருந்த சென்னை கடைசி இடம். கோலி என்ற பெரும் சந்தைச் சரக்கை வைத்திருந்த பெங்களூர், முதல் கோப்பைக்குப் பதினெட்டாவது சீசன் வரை காத்திருந்தது.

"அப்ப 2013?" என்பார்கள். நியாயமான கேள்வி, இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த மே மாதம் ராஜஸ்தான் வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஆட்டம் முழுவதையும் விற்றார்கள் என்பதல்ல வழக்கு. குறிப்பிட்ட ஓவரில் இத்தனை ரன் கொடுப்பதாகப் புக்கிகளோடு பேரம் என்பதுதான். சூதாட்டப் புகாரில் சென்னை அணி நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் கைதான இரண்டாம் நாள், சென்னை இறுதிப் போட்டியில் மும்பையிடம் தோற்றது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டு விலக்கி வைத்தது. ஊழல் இப்படித்தான் நடக்கிறது: ஒரு ஓவர், ஒரு ஆள், ஒரு போன். தெரிந்தவர்கள் எத்தனைக்கெத்தனை குறைவோ, அத்தனைக்கத்தனை பத்திரம். ஊரே அறிந்த ரகசியமாக எந்தப் புக்கியும் தொழில் நடத்துவதில்லை.

எல்லாமே பொய் என்பவருக்கு எந்த ஓவர், எந்த ஆள் என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். பீகார் கிரிக்கெட் சங்கம் வழக்கோடு நீதிமன்றம் போனது. கிரிக்கெட் வாரியப் பொறுப்பில் இருப்பவரே ஐபிஎல் அணியையும் வைத்துக்கொள்ள வழிவிட்ட விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆவணத்தைப் புரட்டி, பெயரைச் சொல்லி, விதியின் எண்ணைக் காட்டி வாதாடியவர்கள் வாங்கிய தீர்ப்பு அது. அப்போதும் இங்கே பலர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அதுவும் ஸ்கிரிப்ட்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.