பழைய ரீலைத் தூக்கிப் போடாதீங்க

பழையசீவரம் தடுப்பணைக்குத் தூண்டிலோடு வந்த நம்ம பழைய மாணவன் ஒருவன், அவன் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பென் செனட்டரைக் காயலான் கடையில் போடப் போகிறானாம். "மீன் இழுத்தா வழுக்குது சார்." டேய், வழுக்குவது ரீல் இல்லை, தேய்ந்துபோன டிராக் வாஷர்! 1936இல் வந்த ரகம் அது. பக்கத் தகட்டைக் கழற்று, பெரிய பல்சக்கரத்துக்குள் அடுக்கியிருக்கும். அதே அளவில் கார்பன் ஃபைபர் வாஷர் மாற்றி, டிராக் கிரீஸ் லேசாகப் பூசு. தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது. கழற்றும்போது ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள். இதற்குப் பயந்து ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு வாங்குவது சோம்பேறித்தனம். ஆனால் "தொடாதே, கெட்டுப்போகும்" என்று வகுப்பு ரேடியோவைப் பூட்டி வைத்தவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை ரீலோடு வீட்டுக்கு வாங்க. ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது, திருகுவது நீங்கள்தான்.