முதற் பிரயாணம்: அகல உழுவதா, ஆழ உழுவதா?

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பது எம் கமக்காரர் கண்ட உண்மை. வயலுக்குச் சொல்லப்பட்ட இவ்வுரை பிரயாணத்துக்கும் பொருந்தும். முதன்முறையாகக் கடல் கடந்து, ஒரே விடுமுறையிற் பல நாடுகளைக் காணப் புறப்படுவோர் கடவுச்சீட்டை எடுத்து வைப்பதற்கு முன் இவ்வுரையை மனத்தில் எடுத்து வைப்பது நன்று.

அண்மையில், முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் தந்தையாரோடு எம்மைக் காண வந்தார். தந்தையார் ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை ஐரோப்பியப் பிரயாணத்துக்கென ஒதுக்கியிருந்தார். மகன் திட்டத்தை வெகு சிரத்தையோடு எழுதியிருந்தார். இங்கிலாந்து, பிரான்சு, பெல்ஜியம், ஒல்லாந்து, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, இத்தாலி என ஏழு நாடுகள், நாட்களோ 14.

நாம் பென்சிலை எடுத்துச் சிறு கணக்கொன்று போட்டோம். போய் இறங்கும் நாளும் திரும்பும் நாளும் பார்ப்பதற்கு உதவா. ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குப் போவதென்றாற் பெட்டி கட்டுதல், நிலையத்துக்குச் செல்லுதல், புகையிரதம், புதிய விடுதியைத் தேடுதல் என அரை நாளாவது கழியும். ஏழு நாடுகளுக்கு ஆறு மாற்றங்கள். அவற்றால் மூன்று நாட்கள் போயின. எஞ்சியவை ஒன்பது நாட்கள். நாடொன்றுக்கு ஒரு நாளும் சில மணித்தியாலங்களுமே கிடைக்கும். மூன்று நாடுகளெனின் மாற்றங்கள் இரண்டுதான்; பார்ப்பதற்குப் பதினொரு நாட்கள் மிஞ்சும்.

கணக்கைக் கண்ட தந்தையார், "மாஸ்டர், இனியொருமுறை போகக் கிடைக்குமோ தெரியாது. போகிற முறையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமோ?" என்றார். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எம்மவரிற் பலருக்கு முதற் பிரயாணமே கடைசிப் பிரயாணமாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால், அதே காரணத்தினாலேயே நாடுகளைக் குறைக்க வேண்டுமென்பது எமது துணிபு. அந்தத் தாளில் ஜேர்மனிக்குரிய ஒற்றை நாளின் அடியில், "மாலை: சித்தப்பா வீடு" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தச் சித்தப்பா 1985 ஆம் ஆண்டு நாட்டை விட்டுப் போனவர். கொலோன் நகருக்கு அண்மையில் வாழ்பவர். உடன்பிறந்தார் இருவர் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் சந்திப்புக்கு ஒரு மாலைப்பொழுது போதுமா? தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் பென்சிலைத் தாமே வாங்கி நான்கு நாடுகளை வெட்டினார்.

நாடுகளைத் தெரிந்தபின் அறியவேண்டியது சட்டம். லக்சம்பேர்க்கில், மோசல் நதிக்கரையிலே, செங்கன் என்றொரு சிற்றூர் உண்டு. பிரான்சு, ஜேர்மனி, லக்சம்பேர்க் ஆகிய மூன்றின் எல்லைகளும் கூடுமிடம் அது. 1985 ஜூன் 14 ஆந் திகதி அங்கே நதியில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக 1995 இல் அவற்றுக்கிடையிலான எல்லைச் சோதனை நீங்கிற்று. இன்று அவ்வட்டத்தில் 29 நாடுகள் உள்ளன. ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்குதல் ஆகாது. சில நாடுகள் எல்லையில் தற்காலிகச் சோதனை நடத்துவதுண்டாதலால், கடவுச்சீட்டை விடுதியில் விட்டு எல்லை கடத்தல் தகாது.

விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? மிகுதியான நாட்கள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம். நாட்கள் சமமாயின் முதலிற் புகும் நாட்டிடம். ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். கோடையில் விண்ணப்பிப்போர் கூட்டம் பெரிதாதலால் கடைசி வாரம் வரை காத்திருப்பது மதியீனம். கட்டணம் வளர்ந்தோருக்கு 90 யூரோ. ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாதிருக்க வேண்டும். கடவுச்சீட்டு, அந்நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பக் கிடையாத விமானச் சீட்டை வாங்கலாகாது.

ஐக்கிய இராச்சியமும் அயர்லாந்தும் இவ்வட்டத்துக்கு வெளியே நிற்பவை. இலண்டனுக்குப் போக வேறு விசா, வேறு கட்டணம். பாரிசிலிருந்து இலண்டன் சென்று மீண்டும் பாரிசுக்கு வரவேண்டுமெனின், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருத்தல் வேண்டும். ஒருமுறை விசாவோடு போனவர் திரும்ப வழியின்றி நிற்பார். ஆகவே இலண்டனைப் பிரயாணத்தின் தலையில் வைக்கலாம், அல்லது வாலில் வைக்கலாம், நடுவில் வைக்கலாகாது.

இனி வழி. ஊர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்காது, ஒரே கோட்டில் அமையுமாறு தெரிவு செய்தல் வேண்டும். ஓர் ஊரில் இறங்கி மற்றோர் ஊரிலிருந்து விமானம் ஏறினால், வந்த வழியே திரும்பும் செலவு மீதமாகும். அக்குடும்பத்துக்கு நாம் வகுத்த வழி இது: பாரிசில் ஐந்து இரவு, கொலோனில் நான்கு, சூரிச்சில் நான்கு. பாரிசிலே இறங்கிச் சூரிச்சிலே விமானம் ஏறுவது.

பாரிசிலிருந்து கொலோனுக்கு நேர்ப் புகையிரதம் உண்டு. ஏறத்தாழ மூன்றரை மணித்தியால ஓட்டம். கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயம் எதிரே நிற்கும். 1248 இல் தொடங்கி, இடையில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு வேலை நின்று, 1880 இல் முடிந்த கோபுரங்கள் அவை. உயரம் 157 மீற்றர். கொலோனிலிருந்து தெற்கே போக இரு பாதைகள் உள. 2002 இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை பிராங்பேர்ட்டுக்கு விரைவாய்க் கொண்டுபோகும். ஆனால் நதியைக் காட்டாது. பழைய பாதை ரைன் நதியின் இடக்கரையை ஒட்டியே செல்வது. கொப்லென்ஸ் முதல் பிங்கன் வரை இரு மருங்கும் திராட்சைத் தோட்டங்களும், குன்றுதோறும் பழைய கோட்டைகளும் தோன்றும். இப்பள்ளத்தாக்கு 2002 இல் உலக மரபுரிமையாகக் கொள்ளப்பட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட மிச்சம் பிடிப்பதற்காக இக்காட்சியை இழப்பது சிக்கனமாகாது. அதே ரைன், சூரிச்சிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட தூரத்தில், 150 மீற்றர் அகலமுள்ள நீர்வீழ்ச்சியாய் விழுவதைப் பிள்ளைகள் காணலாம். புவியியல் நூலில் ஒரு கோடாய் இருந்த நதி, அதன்பின் கோடாய் இராது.

நாட்களையும் கவனித்துக் கோத்தல் வேண்டும். பாரிசில் லூவர் நூதனசாலை செவ்வாய்க்கிழமை பூட்டு. வேர்சாய் அரண்மனை திங்கட்கிழமை பூட்டு. ஜேர்மனியிலே ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் திறவா. பாலும் பாணும் சனிக்கிழமையே வாங்கி வைப்பது நலம். சுவிற்சர்லாந்து செங்கன் வட்டத்தில் இருப்பினும், அதன் நாணயம் பிராங்க், யூரோ அன்று. ஜூன் கடைசியிற் பாரிசிலே சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். வெளிச்சம் உண்டென்று நடந்துகொண்டேயிருந்தால் முதியோரும் சிறுவரும் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவர். நூதனசாலைகளுக்கும் நீண்ட புகையிரத ஓட்டங்களுக்கும் இணையத்தளத்தில் முற்கூட்டியே சீட்டு வாங்கினால், வரிசையில் நிற்கும் நேரமும் பணமும் மீதமாகும்.

உறவினர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1983 இன் பின் எம்மவர் குடியேறாத பெருநகர் மேற்கு ஐரோப்பாவில் அரிது. அவர்களுடைய அன்பே சில வேளை திட்டத்தைக் குலைத்துவிடுகிறது. முதல் நாள் பெரியம்மாவின் மகன் காரோடு வந்து அழைத்துப் போவார். மறுநாள் மற்றொரு வீட்டில் விருந்து. முடிவில் பதினான்கு நாளும் பதினான்கு வீட்டு முன் அறைகளில் இருந்து, இடியப்பமும் சொதியும் உண்டு திரும்பியோரை நாம் அறிவோம். அழைத்தவர்மீது குற்றமில்லை. அவர்களுள் இரவு வேலை செய்வோர் உளர். விடுப்பு எடுத்தால் சம்பளம் இழப்போர் உளர். மறுத்தால் மனம் நோகுமே என்று இரு திறத்தாரும் அஞ்சியே நாட்களைக் கழிக்கின்றனர். வருமுன்னரே கடிதத்திலோ தொலைபேசியிலோ, இன்ன நாள் உங்களோடு, இன்ன நாள் ஊர் பார்க்க என்று வகுத்துச் சொல்லிவிட்டால் எவருக்கும் நோவில்லை. விருந்துக்குரிய நாளும் ஊர் பார்க்கும் நாளும் ஒன்றையொன்று களவெடாமல் இருக்க வேண்டும்.

மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எவரேனும் இத்தகைய பிரயாணம் செய்ய எண்ணினால், தேசப்படத்தையும் நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு திட்டத்தை நீங்களே வகுத்துக் கொடுங்கள். முதலில், எவரைக் காண்பதற்காக, எதைக் காண்பதற்காகப் போகிறோம் என்று பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் மறுமொழியைத் தாளின் முதல் வரியில் எழுதி, அதற்குப் போதிய நாட்களை ஒதுக்குங்கள். எஞ்சியவற்றையே நாடுகளுக்குப் பங்கிடுங்கள். திட்டத்தில் எங்கேனும் ஒரு நாளை வெறுமையாய் விட்டுவிடுங்கள். மழையோ, களைப்போ, இன்னும் ஒருநாள் இருந்து போங்கள் என்ற வேண்டுகோளோ, ஏதேனும் ஒன்று அந்த நாளைக் கேட்டு வரும்.