மன்றோ துரை நல்லவர்தான்... அதுக்கென்ன இப்போ?

மவுண்ட் ரோட்டுல தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உக்காந்திருக்காரே, அவரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சர் தாமஸ் மன்றோ. 1820-லிருந்து 1827-ல் சாகும்வரை சென்னை ராஜதானியின் கவர்னர்.

மூணு மாசத்துக்கு ஒருதடவை யாராவது ஒருத்தர் இவரைப் பத்தி உருகி உருகி எழுதிடறாங்க. "சிலையில சேணம் இல்லை பாருங்க, அங்கவடி இல்லை பாருங்க"ன்னு ஆரம்பிக்கும். அப்புறம் மந்திராலயத்துல ராகவேந்திரர் இவருக்கு மட்டும் காட்சி கொடுத்த கதை. அப்புறம் திருப்பதி மன்றோ கங்காளம். கடைசியில, "வெள்ளைக்காரன்ல இப்படியும் ஒரு மகான்!" என்று ஒரு பெருமூச்சு. கீழே இருபது பேர் வந்து "அருமையான பதிவு, பகிர்வுக்கு நன்றி" போட்டுட்டுப் போயிடுவாங்க.

எனக்கு மன்றோவோட தகராறு இல்லை. அந்தப் பெருமூச்சோடதான் தகராறு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், இல்லைன்னா உள்குத்துன்னு கிளம்பிடுவீங்க. 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780-ல் கம்பெனிப் படையில சாதாரண கேடட்டா சென்னைக்கு வந்தார். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ரெண்டு பேரோடயும் நடந்த சண்டைகள்ல இருந்தார். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்னிக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளா அங்கே போய் ஏழு வருஷம் கிராமம் கிராமமா சுத்தினார். நம்ம பாஷைகளைக் கத்துக்கிட்டார். 1824 டிசம்பர் 31-ல் அவர் எழுதின நீண்ட குறிப்புல, இந்தியர்களைப் பெரிய பதவிகளுக்கு வரவிடாம வச்சிருக்கறது ஒரு சமூகத்தையே தாழ்த்திடும்னு தெளிவா எழுதியிருக்கார். அந்தக் காலத்துல கம்பெனி ஆளுங்கள்ல எத்தனை பேர் அப்படி எழுதினாங்க? மறுக்கவே இல்லை.

ஆனா அவர் வந்த வேலை என்ன? வரி வசூல்.

1800-ல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பா சீமைக்கு இவர்தான் கலெக்டர். அங்கிருந்த சுமார் 80 பாளையக்காரர்களை அடக்கினது இவர். 1807-ல் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள வரி வருமானத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆக்கினதும் இவர்தான். விளைச்சல்ல கிட்டத்தட்ட 45 சதவீதம் சர்க்காருக்கு. இது அதிகம்னு அவருக்கே தெரியும். கிளம்பற வருஷம், கால்வாசி குறைக்கணும்னு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கேக்கலை.

இங்கேதான் நம்ம ஆளுங்க "பாத்தீங்களா எவ்ளோ நல்ல மனசு!"ன்னு கண் கலங்கறாங்க. நான் கேக்கறது வேற. அதிகம்னு தெரிஞ்ச வரியை ஏழு வருஷம் வசூல் பண்ணினது யாரு? மனசு குடியானவன் பக்கம், கை கம்பெனி பக்கம். குடியானவன் வீட்டுக்கு வந்தது மனசா, கையா?

"ஜமீன்தார் இடைத்தரகர்களை ஒழிச்சு ரயத்துவாரி கொண்டுவந்தாரே?"ன்னு அடுத்த கேள்வி வரும். சரி, வாங்க. இடைத்தரகனை எடுத்துட்டு அந்த இடத்துல யாரை வச்சார்? தாசில்தாரை. அதோட நிக்கலை. 1814-ல் நீதித்துறையைச் சீர்படுத்தற கமிஷனுக்குத் தலைவராத் திரும்பி வந்தார். அதன் விளைவா 1816-ல் வந்த சட்டங்கள், போலீஸ் அதிகாரத்தையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கலெக்டர் கைக்கு மாத்திடுச்சு. அதாவது வரி கேக்கறவன், பிடிச்சு அடைக்கறவன், புகாரை விசாரிக்கறவன்... எல்லாம் ஒரே கச்சேரி!

இதுக்குப் பலன் 1855-ல் தெரிஞ்சுது. சென்னை ராஜதானியில நடந்த சித்திரவதைகளை விசாரிச்ச கமிஷனோட அறிக்கை அந்த வருஷம்தான் வந்தது. வரிபாக்கிக்காக விரல்களைக் கிட்டி போட்டு நசுக்கறது, குனியவச்சுக் கட்டி வெயில்ல நிறுத்தறது, இதெல்லாம் நடந்ததுன்னு சர்க்காரே நியமிச்ச கமிஷன் சொன்னது. வரியும் போலீசும் ஒரே கையில இருந்ததும் ஒரு காரணம்னு சொன்னது. மன்றோ கிட்டி போடச் சொல்லலை. அவர் செத்து 28 வருஷம் ஆச்சு. ஆனா நல்லவர் உட்கார்ந்தா மட்டும் நல்லா நடக்கற நாற்காலியைச் செஞ்சு வச்சுட்டுப் போனார். அடுத்து உட்கார்ந்தவங்க எல்லாரும் மன்றோவா?

இன்னொண்ணும் உண்டு. பட்டா யாருக்குப் போச்சு? நிலம் வச்சிருந்தவனுக்கு. அந்த நிலத்துல உழைச்ச பண்ணையாளுக்கும் படியாளுக்கும் என்ன கிடைச்சுது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்து, 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வர்ற வரைக்கும் அவங்களுக்குன்னு நிலம் ஒதுக்கணும்கற பேச்சே மேலே எழலை. "குடியானவர்களின் தந்தை"ன்னு எழுதறவங்க, எந்தக் குடியானவன்னும் சேத்து எழுதினா நல்லாயிருக்கும்.

கடைசியா, எழுதற நமக்கு நேரடியா உறைக்க வேண்டிய விஷயம். 1822 ஏப்ரல் 12-ல் பத்திரிகைச் சுதந்திரம் பத்தி மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். சாரம் இதுதான்: அந்நியன் ஆள்ற நாட்டுல சுதந்திரமான பத்திரிகை இருக்கவே முடியாது. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். பத்திரிகையை விட்டா அது முதல்ல சிப்பாய்கள் கிட்டப் போகும், அப்புறம் ஆட்சி நிக்காது. அதனால கட்டுப்பாடு தொடரணும்.

இதுல பொய் ஒண்ணுமே இல்லை, கவனிச்சீங்களா? தன்னோட ஆட்சி எதுமேல நிக்குதுன்னு அந்த மனுஷனுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்தது. நம்மளை மதிச்சார், நம்ம பாஷை பேசினார், ஆனா நாம வாயைத் திறந்து எழுதக்கூடாதுன்னு நினைச்சார். யார் தணிக்கையும் இல்லாம நினைச்சதை எழுதித் தள்ளற நாம, அதே வசதியை வச்சுக்கிட்டு அவருக்கு ஆரத்தி எடுக்கறோம். கொஞ்சம் கூச்சமா இல்லையா?

எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை. மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன பள்ளிக்கூடக் கணக்கைத் தூக்கிக்கிட்டு, "12,498 பள்ளிகள் இருந்தது, வெள்ளைக்காரன் கெடுத்தான்"னு ஆடறீங்களே, அதே கணக்குல படிச்ச 1,88,650 பேர்ல பொண்ணுங்க 4,540 பேர்தான். அந்த வரியையும் வாசிங்க. பொற்காலம் அங்கேயும் இல்லை.

1827 ஜூலை 6-ல், பத்திகொண்டாவில் காலராவில் செத்தார். தன் பழைய சீமையைக் கடைசியா ஒருதடவை பாக்கப் போன இடத்துல. அந்தப் பக்கம் குழந்தைகளுக்கு அவர் பேரை வச்சாங்கன்னு சொல்வாங்க. இருக்கட்டும். அவங்க வேற துரைங்களையும் பாத்தவங்க, இவர் தேவலைன்னு அவங்களுக்குத் தோணியிருக்கும். நமக்கென்ன கட்டாயம்? இருந்தவங்கள்லயே ஆகச் சிறந்தவர் ஆண்டே இதுதான் நடந்ததுன்னா, கேள்வி கேக்கவேண்டியது ஆளைப் பத்தி இல்லை, ஏற்பாட்டைப் பத்தி.

சிலை அங்கேயே இருக்கட்டும். உடைக்கச் சொல்லலை. பெருமூச்சை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

டிஸ்கி: "அப்போ இப்போ இருக்கறவங்க மட்டும் ஒழுங்கா?"ன்னு கேட்டு வர்ற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்: இல்லை. ஆனா இவங்களை நீங்களும் நானும் திட்டி எழுத முடியுது. அதைத்தான் அவர் கூடாதுன்னார்.