பூக்க விடாத ஊரில் ஒரு பூ வகுப்பு

தேயிலைச் செடியும் பூக்கும். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் தாள்கள் கொத்தாக நிற்கும், அழகான பூ. ஆனால், கொழுந்துக்காக வளர்க்கிற செடி பூத்தால் எஸ்டேட்டுக்கு நட்டம். அதனால்தான் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதும். பூவுக்குப் போகிற சத்தும் இலைக்கே போகும்படி செடியை இடுப்பு உயரத்தில் பழக்கி வைத்திருக்கிறார்கள். 1890-களில் கார்வர் மார்ஷ் ஆனைமலைக் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து வால்பாறையின் கணக்கு இதுதான். இங்கே பிறக்கிற குழந்தை ஜனவரியிலும் ஜூலையிலும் பார்ப்பது ஒரே பச்சை.

அந்தக் குழந்தைக்குப் பூ எங்கிருந்து வருகிறது? பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறது. மல்லி, சம்பங்கி, செண்டுமல்லி, ரோஜா என்று எல்லாம் எந்த மாதமும் கிடைக்கும். மாறுவது விலை மட்டும்தான். மல்லிகை எட்டாத விலைக்குப் போனால் பனிக்காலம். செண்டுமல்லி ஏறினால் ஆயுத பூஜை. பூக்காரம்மா சொல்லும் விலையைக் கேட்டுப் பருவத்தைத் தெரிந்துகொள்கிற நிலைக்கு நாம் எல்லோருமே வந்து ரொம்ப நாளாகிறது. வால்பாறையில் அது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, அவ்வளவே.

இந்தப் பிள்ளைகளுக்குப் பருவத்துப் பூக்களை அடுக்கக் கற்றுத்தரும் தோட்டக் குழு ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. சொன்னதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969-இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை, இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று படித்தவர்களுக்குப் பூ ஜாடி என்றாலே துரை பங்களா நினைவுக்கு வந்தால் தப்பில்லை. கூலி லைனில் மலேரியா, பங்களா மேசையில் ரோஜா என்றிருந்த ஊர் இது. பூ அலங்காரம் அந்த வழியாகத்தான் இங்கே வர வேண்டும் என்றால் எனக்கும் வேண்டாம்.

வேறு வழி உண்டு. அது கொங்கு நாட்டு வாசலிலேயே இருக்கிறது. மார்கழி விடியலில் கோலம் போட்டு முடித்ததும் பசுஞ்சாணியை உருட்டிப் பிள்ளையாராக்கி, உச்சியில் அருகம்புல்லும் பூசணிப்பூவும் செருகுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பூசணிப்பூ விடிகாலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும். ஆகவே, எழுந்திருக்கும் நேரத்தைப் பூதான் முடிவு செய்யும். காம்பை நீளமாக விட்டால் சாணி உருண்டை பிளக்கும், குட்டையாகக் கிள்ளினால் பூ கவிழும். அடியில் பிஞ்சு உருண்டிருக்கிற பூவைப் பறித்துவந்தால் பாட்டி திட்டுவாள். காய்க்காத பூவைத்தான் பறிக்க வேண்டும். ஆண் பூ எது, பெண் பூ எது என்பதைப் பாடப்புத்தகம் படம் போட்டுச் சொல்வதற்கு முன்பே எட்டு வயதுப் பிள்ளை திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட இடம் அது.

மார்கழி முடிகிற அன்று காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சிறு கட்டாகச் சேர்த்துக் கூரையிலும் கட்டுத்தறியிலும் காட்டு மூலையிலும் செருகுவார்கள். பச்சை, மஞ்சள், வெள்ளை என்ற அந்த மூன்று நிறத்தை எந்த அலங்கார நிபுணரும் திருத்திவிட முடியாது. பிறகு, பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கிற நோம்பி. பெண்பிள்ளைகள் கூட்டமாகப் புறப்பட்டுப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கட்டுச்சோறு தின்று திரும்புவார்கள். இவற்றில் எந்தப் பூவுக்கும் காசில்லை, எதுவும் கடையில் விற்றதில்லை. அந்த மாதத்தில் அந்த வேலியோரத்தில் என்ன இருந்ததோ அதுதான் சடங்கானது. இப்போது காப்புக் கட்டுக்கான கட்டும் சந்தையில் விலைக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டிலும் இதே கதை. வால்பாறையிலிருந்து சாலை மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்துக்குள் இறங்குகிறது. எஸ்டேட்டுகளில் மலையாளக் குடும்பங்கள் ஏராளம். ஓணத்துக்குக் கோவை மாவட்டமே உள்ளூர் விடுமுறை விடுகிறது. அத்தம் முதல் பத்து நாள் தும்பையும் வேலிப் பூவும் தேடிப் பிள்ளைகள் அலைந்த பூக்களம், இன்று தமிழ்நாட்டிலிருந்தும் குண்டல்பேட்டையிலிருந்தும் லாரியில் போகிற செண்டுமல்லியால் நிறைகிறது. களம் பெரிதாகிவிட்டது. தேடுகிற வேலை பிள்ளைகளிடமிருந்து வியாபாரியிடம் போய்விட்டது.

ஆகவே, வால்பாறைக் குழுவுக்கு நான் கேட்பது ஒரே விதி: விலைக்கு வாங்கிய பூ மேசைக்கு வரக்கூடாது. நடந்து போகிற தூரத்தில் இந்த வாரம் என்ன பூத்திருக்கிறதோ அதுதான் சரக்கு. மற்றதெல்லாம் இந்த விதியிலிருந்து தானாக வரும். லைன் வீட்டு முன்புறங்களில் டேலியாவும் கல்வாழையும் கோழிக்கொண்டையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் முள்முருங்கை சிவக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் காப்பித் தோட்டம் வெள்ளையாகும். அது சில நாள் கூத்து, அந்த வாரம் மழை வராவிட்டால் வகுப்பு காத்திருக்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் பூ குறைவு, அட்டை அதிகம். அப்போது பெரணி இலை, பாசி படிந்த குச்சி, காய்ந்த விதைக்கூடு இவற்றை வைத்து அடுக்கப் பழகலாம். மழை விட்டதும் சாலையோரமெல்லாம் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாக நிற்கும். ‘இன்றைக்குப் பூ இல்லை’ என்ற நாள்கள் பாடத்திட்டத்தின் குறையாகாது. பருவம் என்றால் என்னவென்று பிள்ளைக்கு உறைப்பது அந்த நாள்களில்தான்.

பூவை எதில் செருகுவது? கல்யாண மண்டபங்களில் இன்று எல்லோரும் பயன்படுத்துவது பச்சை ஃபோம் கட்டி. 1950-களில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட அது பிளாஸ்டிக் வகை. மக்காது, தூளாகித் தண்ணீரில் கலக்கும். பிரிட்டனின் அரசத் தோட்டக்கலைச் சங்கமே செல்ஸி உள்ளிட்ட தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டது. ஒரு சாண் வாழைமரத் துண்டு போதும். பட்டை பட்டையாகத் தண்ணீர் பிடித்திருக்கும். காம்பைச் சாய்வாகச் சீவிக் குத்தினால் நிற்கும். வகுப்பு முடிந்தால் மாட்டுக்குப் போடலாம். கொட்டாங்குச்சியில் ஈர மணலும் இதே வேலையைச் செய்யும்.

எதைத் தொடக்கூடாது என்பது எதை அடுக்குவது என்பதைவிட முக்கியம். நம் மாநில மலரான செங்காந்தளுக்கு வேரிலிருந்து விதைவரை விஷம். அரளியும் அப்படியே. மலையூர்களின் வேலிகளில் குழல் குழலாகத் தொங்கும் எக்காளப் பூ, ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. இந்த மூன்றையும் அடையாளம் தெரியாத பிள்ளையின் கையில் கத்தரிக்கோல் கொடுக்கக் கூடாது. வனத்துக்குள் பூ பறிப்பதும் கூடவே கூடாது. ஊரைச் சுற்றி இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஈரப் பாறைகளில் பூக்கும் காட்டுக் காசித்தும்பை இனங்களில் சில இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றை நின்று பார்த்துத் தேதி போட்டு எழுதிக்கொள்ளலாம். எந்த மரம் எந்த வாரம் துளிர்க்கிறது, பூக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் குறித்து அனுப்பும் ‘சீசன்வாட்ச்’ திட்டம் ஏற்கெனவே நாடு முழுவதும் நடக்கிறது. அதை நடத்துவதில் பங்கேற்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள்தான் வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டு மரங்களை நட்டு, சிதைந்த காட்டுத் துண்டுகளை மீட்டுவருகிறார்கள். குழுவுக்கு ஆசான்களைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

தாராளமாகப் பறிக்கத் தக்கது உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு நாட்டையே மூடிவிட்ட புதர். நீலகிரிப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டால் செய்த ஆளுயர யானைகள் அமெரிக்கா வரை ஊர்வலம் போய்வந்தன. காய் பிடிக்கும் முன்பே பூங்கொத்தை வெட்டினால் விதை பரவுவதும் குறையும்.

இனி, எதிர்வாதம். 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளர் குடும்பத்துப் பெண் குழந்தையைச் சிறுத்தை வீட்டருகிலிருந்தே கொண்டுபோனது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளைச் செடிகொடிப் பக்கம் அனுப்பலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். குழு பள்ளி வளாகத்திலோ எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்திலோ, பெரியவர் துணையோடு, நண்பகலில் கூடி, நாலு மணிக்குள் கலைய வேண்டும்; மாலை வகுப்பு என்ற பேச்சே கூடாது. லைன் வீடுகளை ஒட்டிய புதர்தான் சிறுத்தைக்கு மறைவிடம். அதைப் பெரியவர்கள் வெட்டி, வெட்டிய இடத்தில் முழங்கால் உயரம் தாண்டாத பூச்செடிப் பாத்தி போட்டால் பார்வை மறையாது.

சிறுத்தை கொண்டுபோன அந்தக் குழந்தையின் சொந்த ஊரையும் கவனிக்க வேண்டும். வால்பாறையின் மக்கள்தொகை 2001-இல் ஏறத்தாழ 95 ஆயிரம். 2011-இல் சுமார் 71 ஆயிரம். போனவர்கள் இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்குச் சால மரம் பூக்கும்போது சர்ஹுல் பண்டிகை. அசாமில் பிகு நாளில் பெண்கள் கொண்டையில் சூடும் நரிவால் ஆர்க்கிட், ஆனைமலை மரங்களிலும் தொற்றி வளர்கிறது. பூவைச் சூடவும் அடுக்கவும் நம்மைப் போலவே வழக்கம் உள்ளவர்கள் அவர்கள். அந்த மேசையில் அவர்களும் சொல்லித்தருகிறவர்களாக உட்கார முடியும். வேறெந்த வகுப்பிலும் இன்றைக்கு அவர்களுக்கு அந்த இடம் கிடையாது.

அமைப்பு புதிதாகத் தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் 2024-இல் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்களே பூப்பெயரோடு இருக்கின்றன. தேசியப் பசுமைப் படையும் இருக்கிறது. தயவுசெய்து போட்டியும் கேடயமும் மட்டும் வேண்டாம். பரிசு என்று வந்துவிட்டால் அப்பா பொள்ளாச்சியிலிருந்து கார்னேஷன் வாங்கி வந்துவிடுவார். உதகை மலர்க் கண்காட்சியில் லட்சக்கணக்கான பூக்களால் உருவங்கள் செய்து வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அதுதான் பூ அலங்காரம் என்று தோன்றும்.

செலவு என்று பார்த்தால் கத்தரிக்கோல், மண்வெட்டி, பூவாளி, ஒரு பதிவேடு. உண்மையான செலவு ஆளுக்குத்தான். எந்தப் பூ எப்போது வரும் என்பது காடர் பழங்குடிக் குடியிருப்புப் பெரியவர்களுக்கும், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிப் பெண்களுக்கும் தெரியும். வாரம் ஒரு மத்தியானம் அவர்களில் ஒருவரை அழைத்தால், பகுதிநேர ஆசிரியருக்குத் தருகிற அதே கூலியைக் கொடுக்க வேண்டும். நகராட்சியோ எஸ்டேட் நிர்வாகமோ அதைச் ‘சேவை’ என்று எழுதி மிச்சம் பிடிக்கக் கூடாது.